படத்தின் மேல் வாசகம் வைப்பதற்கு முன்

போட்டோவையும் வாசகத்தையும் சேர்த்து ஊர்ப் பிரச்சினையைப் பேசும் இளைஞர்கள் வேலூர் பக்கம் இப்போது நிறைய வந்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் கூட்டம் தொடக்கத்தில் செய்த கோளாறுகளை ஒன்று விடாமல் அவர்களும் செய்கிறார்கள். ஒற்றுப்பிழை, கொம்பு தனியே பிரிந்து நிற்பது போன்றவற்றை ஃப்ளெக்ஸ் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவை இங்கே வேண்டாம்.

சிவப்புப் பட்டை

கறுப்பு வெள்ளைப் படம், குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் வெள்ளைக் கொட்டை எழுத்து. அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகரின் பாணி. பத்திரிகை வடிவமைப்பில் வேலை பார்த்தவர் அவர். விளம்பரம் பேசுகிற அதே தோரணையில் பேசி விளம்பர உலகத்தையே கேள்வி கேட்டார். 1989இல் வாஷிங்டனில் கருக்கலைப்பு உரிமைக்காக நடந்த பேரணிக்கு அவர் செய்த சுவரொட்டியும் அந்த வகைதான். அதே பட்டையை ஆம்பூர் பேருந்து நிலையத்தில் ஒட்டினால், ஏதோ கட்சிக் கூட்டம் என்று கடந்து போவார்கள். நம் கண் பழகியிருப்பது மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸுக்கு. அதிலிருந்து எடுங்கள். பாலாற்றுக்குக் கண்ணீர் அஞ்சலி மட்டும் வேண்டாம், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

அடுத்தவர் வாயில் நம் வாசகம்

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு குழு, டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) சுண்ணாம்புத் தொட்டி பக்கம் வேலை செய்யும் பெரியவரைப் படமெடுத்தது. அவரும் சிரித்தபடி நின்றார். முகத்தை முழுதாக வைத்து, கீழே ‘தினமும் விஷம் குடிக்கிறேன்’ என்று போட்டு, ஆளுயரத்துக்கு அச்சடித்தார்கள். அது வாட்ஸ்அப்பில் சுற்றி அவர் மேஸ்திரியிடம் போய்விட்டது. மறுநாள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரியவர் குழுவைத் தேடி வந்து கேட்டது ஒரே கேள்வி: “விஷம் குடிக்கிறேன்னு நான் எப்பப்பா சொன்னேன்?”

ஃப்ளெக்ஸைக் கழற்றினார்கள். அச்சுக்கூலி போனால் போகட்டும். அந்தத் தெருவில் அதற்கப்புறம் கேமராவோடு யார் போனாலும் கதவு திறப்பதில்லை, வேறு வேலையாகப் போன எங்களுக்கும் சேர்த்துத்தான்.

இத்தனைக்கும் அவரிடம் சொல்ல விஷயம் இருந்தது. “பி.எஃப். பிடிக்கிறாங்க, கணக்கு காட்டமாட்டேங்கறாங்க” என்று படமெடுக்கும்போதே சொல்லியிருக்கிறார். அதில் கவிதை இல்லை என்று விட்டுவிட்டார்களாம்! அந்தப் பேச்சைப் பெயரும் முகமும் இல்லாமல், சுண்ணாம்பில் வெந்த இரண்டு கைகளுக்கு மேல் போட்டிருந்தால் போதும். அச்சுக்கு முன் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, மாற்றச் சொன்னால் மாற்றி, வேண்டாம் என்றால் கைவிட வேண்டும். தன் பெயரில் எழுதுகிறவர் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். இன்னொருவர் முகத்தின் மேல் ‘நான்’ என்று எழுதுவதற்கு அவர் சம்மதம் வேண்டும், படத்துக்குத் தனியாக, வாசகத்துக்குத் தனியாக.

‘நதி அழுகிறது’

நதி அழாது. பாலாற்றில் கலந்த டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அன்றைய வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. வறண்ட ஆற்றின் படத்தில் ‘10,000 ரூபாய்’ என்று மட்டும் எழுதிப் பாருங்கள். நிற்காமல் போகிறவர் யார் என்று பார்ப்போம்.

கோட்டைச் சுவர்

தொடாதீர்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

எத்தனை சொல்

பேருந்து ஜன்னலிலிருந்து படிக்கிற அளவு. காட்பாடி சாலை நெரிசலில் வண்டி நின்று நின்றுதான் போகும் என்பதால் ஏழெட்டுச் சொல் வரை தாங்கும். பத்தியாக எழுதுகிறவர்கள் துண்டறிக்கை போடலாம்.