கஞ்சமலைக் கருமணலைக் குளிர்வித்து அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை அடிவார ஓடைகளில் காகிதம் சுற்றிய காந்தத்தை மணல்மேல் இழுத்தால், மேக்னடைட் என்னும் காந்த இரும்பு ஆக்சைடுத் துகள்கள் மீசைபோலச் சிலிர்த்து ஒட்டிக்கொள்ளும். முதல் தவறு பெரும்பாலும் அங்கேயே நேர்ந்துவிடுகிறது. வலுவான காந்தத்தைத் தொட்ட துகள்களில் எஞ்சுகாந்தம், அதாவது காந்தத்தை விலக்கிய பிறகும் நீங்காத காந்தத்தன்மை, தங்கிவிடும். அதை நீக்காமல் குளிர்வித்தால், ஏறத்தாழ 120 கெல்வினில் மேக்னடைட்டின் படிக அமைப்பும் மின்கடத்தலும் சட்டென மாறும் வெர்வே மாற்றத்தைக் கடக்கையில், அந்தப் பழைய காந்தத்தின் ஒரு பகுதி அழிந்து, காந்த அளவீட்டின் வரைகோடு சட்டென்று சரியும். அச்சரிவின் அளவு துகளின் முன்கதையையும் சேர்த்தே சொல்வதால், மாறுதிசைப் புலத்தில் காந்தநீக்கம் செய்த பிறகே அளவீட்டைத் தொடங்க வேண்டும்.

மணலிலிருந்து பிரித்த குவார்ட்ஸை இரும்பு உரலில் இடிப்பது அதைவிடக் கேடானது. ஒரு மைக்ரோகிராம் இரும்புத் தூள்கூட ஸ்குவிட் என்னும் மிக நுண்ணிய காந்தமானி உணரக்கூடிய அளவைவிடப் பல ஆயிரம் மடங்கு சைகை தரும். இரும்பு ரம்பத்தின் தூளை ‘வலுக்குன்றிய ஃபெரோகாந்தம்’ என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தவன் நானும்தான். அகேட் உரலும் பிளாஸ்டிக் இடுக்கியும் போதும்.

கருவி ‘பூஜ்யம்’ என்று காட்டும் புலத்தையும் நம்பக் கூடாது. உயர்புலம் கண்ட மீக்கடத்துக் காந்தச்சுருளில் சில பத்து எர்ஸ்டெட் (காந்தப்புல அலகு) வரை புலம் சிக்கியிருக்கலாம். 50 கெல்வினை ஒட்டி எழும் சிறு மேட்டைப் புதிய மாற்றம் என்று கொண்டாடுமுன், கருவிக்குள் கசிந்து உறைந்த ஆக்சிஜனைச் சந்தேகிக்க வேண்டும்.

வெப்பக் கொள்ளளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிறு வெப்பத் துடிப்பு கொடுத்து, மாதிரி ஆறும் வேகத்திலிருந்து கொள்ளளவைக் கணக்கிடும் தளர்வு முறை, அத்துடிப்பின்போது கொள்ளளவு மாறாது என்று கருதிக்கொள்கிறது. வெர்வே மாற்றத்திலோ உள்ளுறை வெப்பம் இருப்பதால், மென்பொருள் தரும் உச்சி மழுங்கித் தாழ்ந்துவிடும். மாற்றத்தை முழுதும் கடக்கும் பெரிய துடிப்பைக் கொடுத்து, வெப்பநிலை நேரத்தோடு மாறும் மூலப்பதிவையே எடுத்துக் கணக்கிடுவது நல்லது. 10 கெல்வினுக்குக் கீழே, உலோகத்துக்குரிய பழக்கத்தில் எலக்ட்ரான் பங்கு என்று வெப்பநிலைக்கு நேர்விகிதமான ஓர் உறுப்பைப் பொருத்துவதும் பொருந்தாது. அங்கே மேக்னடைட் மின்காப்பி, அதில் காந்த அலைகளின் (அணுக்காந்தங்களின் ஒழுங்கில் பரவும் அலைவுகளின்) பங்கு வெப்பநிலையின் ஒன்றரை அடுக்கை ஒட்டி வளர்வது.

சேர்வராயன் மலைச் செம்மண்ணை அளப்போருக்கு இன்னொன்று: ஹேமடைட் என்னும் சிவப்பு இரும்பு ஆக்சைடின் காந்த ஒழுங்கு திசைமாறும், 260 கெல்வினை ஒட்டிய மோரின் மாற்றம் தென்படாததால் ஹேமடைட்டே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைக்கும் மலை அது. இரும்பின் இடத்தில் அலுமினியம் புகுந்தாலும், துகள் சில பத்து நானோமீட்டருக்கு நுணுகினாலும், அம்மாற்றம் கீழிறங்கும் அல்லது அடியோடு மறையும்.