பழைய பைக்கா? முதலில் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள்

செகண்ட் ஹேண்ட் பைக் பார்க்கப் போனதும் இஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். "நாளைக்குக் காலையில வாரேன் அண்ணாச்சி, அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆறிய இஞ்சினில்தான் வண்டியின் குணம் தெரியும். இரண்டு மூன்று உதையில் பிடித்தால் சரி. அப்புறம் ஆக்சிலேட்டரை முறுக்கி சைலன்சரைக் கவனியுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும், செலவு பெரிது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. கார்புரேட்டர் வண்டியில் இது பெரும்பாலும் சின்ன வேலைதான்.

நம்ம நெல்லைப் பக்கம் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது எத்தனையோ வண்டிகள் மூழ்கின. சீட்டைக் கழற்றுங்கள். வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, மூலைகளில் வண்டல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புது பெயிண்ட் அடித்தவர் அங்கெல்லாம் கை வைத்திருக்க மாட்டார். உவரி, கூடங்குளம் பக்கத்து வண்டி என்றால், உப்புக்காற்றுத் துருவை சைலன்சர் அடியிலும் ஸ்டாண்டிலும் தேடுங்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் கசிவதும், செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டின் பல் கூராகத் தேய்ந்திருப்பதும் விலையைக் குறைத்துக் கேட்க உதவும், அவ்வளவுதான். வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு (பதிவுச் சான்று) ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-உம் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.