வாளைக்கும் விராலுக்கும் தடித்த லீடர்: தேர்வும் கட்டும்

தாமிரபரணி மடுவில் வாளை கடித்துத் தூண்டில் நரம்பு அறுந்துபோனால், பலரும் அடுத்து வாங்குவது கம்பி லீடர். லீடர் என்பது முள்ளுக்கும் பிரதான நரம்புக்கும் நடுவில் கட்டும் தடித்த துண்டு. அவசரப்பட வேண்டாம். கடலில் பிடிபடும் சீலாவின் பல் கத்தி மாதிரி, ஒரே கடியில் நரம்பைத் துண்டாக்கும். வாளையின் பல் வேறு வகை. கண்ணைத் தாண்டிப் பிளந்த அந்த வாய்க்குள், உள்நோக்கிச் சாய்ந்த பொடிப் பற்கள் பட்டை பட்டையாக அரம்போல் அடர்ந்திருக்கும். அவை நரம்பை ராவித் தேய்க்கும். விராலின் கீழ்த்தாடைப் பற்கள் இன்னும் கூர்மை, ஆனாலும் அவையும் நரம்பை வெட்டுகிற பற்கள் அல்ல. ராவுகிற பல்லுக்கு ஈடு கொடுப்பது நரம்பின் தடிமன்.

குளத்து விராலுக்கு 0.60 முதல் 0.70 மி.மீ. தங்கூஸ் (நைலான் நரம்பு), 30 முதல் 40 செ.மீ. நீளம் போதும். ஆற்று வாளைக்கு 0.80 அல்லது 0.90 மி.மீ., 60 முதல் 70 செ.மீ. நீளம் வேண்டும். முள் ஏறியதும் அது பாறை இடுக்குக்கு ஓடும், மெல்லிய பிரெய்டு (இழைகளைப் பின்னிச் செய்த பிரதான நரம்பு) பாறையில் உரசினால் இழை இழையாகப் பிரிந்துவிடும். கடையில் பவுண்டு கணக்கை நம்பி வாங்காமல், அட்டையில் உள்ள மி.மீ. அளவைப் பாருங்கள். ஃபுளோரோகார்பன் என்ற நரம்பு கடினமானது, ராவலை நன்றாகத் தாங்கும், தண்ணீரில் எளிதில் தெரியாது, விலையும் கூட. ஐப்பசி கார்த்திகையில் கலங்கல் ஓடும்போது நரம்பு மீன் கண்ணுக்கு மறைய வேண்டிய தேவையே இல்லை. அந்தக் காசுக்கு ஒரு அளவு தடித்த நைலான் வாங்குவதே சரி.

தடித்த நரம்பில் முடிச்சுதான் சிக்கல். மெல்லிய நரம்புக்குப் போடுகிற 6, 7 சுற்று முடிச்சை 0.80-இல் போட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று அமராது, மீன் இழுக்கும்போது வழுகும். அதனால் முள்ளின் தண்டிலேயே சுற்றிக் கட்டுங்கள். நரம்பின் நுனியை முள்ளின் கண் (துளை) வழியாக விட்டுத் தண்டை ஒட்டி 15 செ.மீ. இழுத்துக்கொள்ளுங்கள். நுனியைக் கண் பக்கம் திருப்பி ஒரு வளையம் விடுங்கள். அந்த வளையத்துக்குள் நுனியை நுழைத்து நுழைத்து, தண்டையும் அதன்மேல் கிடக்கும் நரம்பையும் சேர்த்து 6 சுற்று சுற்றுங்கள். எச்சில் தடவி, நுனியைக் குறட்டால் பிடித்து மெதுவாக இழுத்தால் சுற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் அமரும். பிறகு நீள நரம்பை இழுத்து இறுக்குங்கள். 3 மி.மீ. விட்டு நறுக்குங்கள். ஈரமில்லாமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் வெந்து, முடிச்சின் கழுத்திலேயே அறும்.

லீடரின் மறுமுனையில் சுழலி, அதாவது நரம்பு முறுகாமல் சுழலும், இரு பக்கமும் கண் வைத்த சிறு இணைப்பு. லீடர் பக்கம் 4 சுற்று யூனி முடிச்சு: மேலே சொன்னதுபோலவே, தண்டுக்குப் பதில் நரம்பையே சேர்த்துச் சுற்ற வேண்டும். பிரெய்டு பக்கம் பாலோமர்: பிரெய்டை இரட்டையாக மடித்துக் கண்ணில் நுழைத்து, தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் சுழலி முழுவதையும் விட்டு இறுக்க வேண்டும். சுழலி தூண்டில் கம்பின் நுனி வளையத்துக்குள் ஏறக்கூடாது, வளையத்தின் பீங்கான் உடையும்.

கம்பிக்கும் ஓர் இடம் உண்டு. உயிர் இரை போட்டுக் காத்திருக்கையில் பெரிய வாளை முள்ளைத் தொண்டைவரை விழுங்கும். அப்போது மட்டும் 49 இழை மென்கம்பி 25 செ.மீ. சேருங்கள். கம்பியை ஸ்லீவ் என்ற சிறு உலோகக் குழாயில் விட்டு, முள் கண்ணில் நுழைத்து, திரும்ப ஸ்லீவுக்குள் கொண்டுவந்து, குழாயை நசுக்குவதற்கென்றே உள்ள கிரிம்ப் குறட்டால் நடுவில் அழுத்துங்கள். ஸ்லீவின் இரு ஓரங்களையும் நசுக்காமல் விட வேண்டும். நசுங்கிய ஓரம் கம்பி இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டும். பல் வைத்த சாதாக் குறடு இதற்கு ஆகாது. ஒருமுறை மடங்கிச் சுருண்ட கம்பியை நிமிர்த்தித் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

கட்டியதை வீட்டிலேயே சோதிக்கலாம். வாளியில் 10 லிட்டர் தண்ணீர் பிடித்து, முள்ளைக் கைப்பிடியில் மாட்டி, சுழலியைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள்.

தண்ணீரில் அறுந்தால் நுனியைப் பார்க்காமல் எறியாதீர்கள். பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு வழுகியிருக்கிறது. வெள்ளையாகச் சொரசொரத்து, அதற்கு மேலும் சில அங்குலம் கீறல் இருந்தால் பல் ராவியது, ஒரு அளவு தடிமன் கூட்டுங்கள். முடிச்சை ஒட்டிச் சுத்தமாக அறுந்திருந்தால் இறுக்கியபோது வெந்தது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி 15 செ.மீ.-ஐ நகத்தால் தடவுங்கள். ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டாலும் அங்கே வெட்டி மறுபடி கட்டுங்கள். 70 செ.மீ. வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

மீன்பாசிக் குத்தகை விட்ட குளமானால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கும் விராலுக்கு இரை காட்டாதீர்கள், தாய் தகப்பன் போனால் அத்தனை குஞ்சும் போகும். வெட்டிய தங்கூஸ் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கரையில் கிடந்தால் கொக்கு, நாரை காலில் சுற்றி இறுகும், தானாக அவிழாது.