சின்னச் சின்ன ரிப்பேர்: லென்ஸிலும் கருவியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூக்குக் கண்ணாடியின் ஸ்க்ரூ கழன்றுவிட்டது, தோட்டின் திருகாணி ஏற மாட்டேன் என்கிறது, வாட்ச் பேட்டரி தீர்ந்துவிட்டது. பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி ஜங்ஷனிலோ இருப்பவர்களுக்கு இதற்கெல்லாம் எட்டும் தூரத்தில் ஆள் உண்டு. திசையன்விளையைத் தாண்டி உள்ளே இருப்பவருக்கோ, மணிமுத்தாறு பக்கம் இருப்பவருக்கோ இந்தச் சின்ன வேலைக்கே அரை நாள் போய்விடும். அதனால் வீட்டிலேயே பார்க்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். பொறுமை இருந்தால் யாரும் பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான் இது.

ஆனால் பழக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மடங்கு லென்ஸ் வாங்கலாம், அண்ணாச்சி?" தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கேட்க வேண்டியது, "லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு இடம் கிடைக்கும்?" என்பது.

10 மடங்கு லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ச் கடைக்காரர் கண்ணில் செருகிக்கொண்டு பார்ப்பதில் அந்த அளவும் உண்டு. அதில் பொருள் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் லென்ஸிலிருந்து இரண்டரை செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அந்த இடுக்கில் திருப்புளி நிமிர்ந்து நிற்காது. சாய்த்துத்தான் வைக்க வேண்டும். சாய்த்து வைத்துத் திருகினால் நுனி வழுக்கி ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும். கை தப்பிவிட்டது என்று நினைப்போம், உண்மையில் லென்ஸ் இடம் விடவில்லை. இன்னொன்று, மடங்கு கூடக் கூட ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழமும் பரப்பும் குறையும். ஸ்க்ரூவின் தலை தெரிந்தால் அது உட்காரும் குழி தெரியாது. 10 மடங்கு லென்ஸ் பரிசோதிக்க நல்ல சாமான்: கல்லில் கீறல் இருக்கிறதா, நகையில் என்ன முத்திரை, பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கலாம். கருவியோடு வேலை செய்ய அது தோதுப்படாது.

கை வேலைக்கு 2 முதல் 3 மடங்கு போதும். தலையில் மாட்டிக்கொள்ளும் வகையே வீட்டுக்குச் சிறந்தது. இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும், இரண்டு கண்களாலும் பார்ப்பதால் மேடு பள்ளமும் தெரியும். ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது சாமணத்தின் நுனி ஸ்க்ரூவுக்கு மேலே நிற்கிறதா, பக்கத்தில் நிற்கிறதா என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும். கண்ணாடி அணிகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டாம். கண்ணில் சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் இருக்கும் பார்வைக் குறை) இருந்தால் லென்ஸ் அதைச் சரிசெய்யாது, வெறும் மங்கலைத்தான் பெரிதாக்கிக் காட்டும். 40 வயது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் முதலில் கண் பரிசோதனை செய்துகொண்டு, அப்புறம் லென்ஸ் வாங்குவதே சரி.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்புவது அடுத்த தவறு. மேசை விளக்கோடு வரும் லென்ஸில் டயாப்டர் என்று லென்ஸின் பவரைச் சொல்லும் ஓர் எண் இருக்கும். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் லென்ஸின் குவியத் தூரம் செ.மீ. கணக்கில் கிடைக்கும்: 5 டயாப்டருக்கு 20 செ.மீ., 8 டயாப்டருக்குப் பன்னிரண்டரை. சுமாராக அந்தத் தூரம்தான் வேலை செய்ய நமக்குக் கிடைக்கும் இடம். 8 டயாப்டரை 8 மடங்கு என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. வழக்கமான கணக்கில் அது 2 முதல் 3 மடங்குதான். உள்ளங்கை அகல லென்ஸில் 20 மடங்கு என்று எழுதியிருந்தால் அது நடக்காத காரியம். 20 மடங்குக்குக் குவியத் தூரம் ஒன்றேகால் செ.மீ. இருக்க வேண்டும், அந்த வளைவில் அவ்வளவு அகலமாக லென்ஸ் செய்யவே முடியாது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியே இருக்கும் மரம் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும்போது லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுதான் குவியத் தூரம். 100-ஐ அதால் வகுத்தால் டயாப்டர். கையோடு ஒரு எச்சரிக்கை: லென்ஸை ஜன்னலோரம் திறந்துபோட்டுவிட்டுப் போகாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மேசை விரிப்பு பற்றிக்கொள்ள அதிக நேரம் வேண்டாம். விளக்கு லென்ஸுக்கு மூடி கொடுப்பது அதற்காகத்தான்.

கம்ப்யூட்டரில் செருகும் சின்ன மைக்ராஸ்கோப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். விரிசலைப் படம் எடுத்துப் பார்க்க நல்லது. அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது சிரமம்: திரையில் ஆழம் தெரியாது, படமும் கை அசைவுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருப்பது இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப். பெரும்பாலும் 7 முதல் 45 மடங்கு வரை போகும், 10 செ.மீ. அளவுக்கு இடமும் விடும். அடியில் 0.5 லென்ஸ் ஒன்றைச் சேர்த்தால் மடங்கு பாதியாகி இடம் இன்னும் கூடும். சர்க்யூட் போர்டு வேலையை ஆசையாகச் செய்கிறவர்களுக்கு மட்டும் அந்தச் செலவு தகும்.

வெளிச்சத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தலைக்குப் பின்னால் டியூப்லைட் இருந்தால் நம் நிழலே வேலை மேல் விழும். வலது கைக்காரருக்கு இடப்பக்கம், கொஞ்சம் முன்னால் விளக்கு இருக்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் வெளிச்சம் கண்ணில் அடித்தால் விளக்குக்கு முன்னால் ஒரு பட்டர் பேப்பரைப் பிடித்தால் அடங்கிவிடும். அதிகம் சூடாகாத எல்.இ.டி. விளக்கில் மட்டும் இதைச் செய்யுங்கள். கீறலோ விரிசலோ தேடும்போது விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் காட்டுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருப்பது அப்போது தெரியும்.

சாப்பாட்டு மேசையில் குனிந்து உட்கார்ந்தால் கை நடுங்கத்தான் செய்யும். வாட்ச் வேலைக்கான மேசை நெஞ்சு உயரத்துக்கு இருக்கும், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அதன் மேல் சாய்ந்திருக்கும். வீட்டில் மேசை மேல் ஒரு கெட்டியான பெட்டியைப் போட்டு உயர்த்தலாம், இல்லாவிட்டால் உயரம் குறைந்த ஸ்டூலில் உட்காரலாம். முன்கை தாங்கியிருக்க, இரண்டு சுண்டுவிரல்களும் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் நடுக்கம் பெருமளவு நின்றுவிடும். கீழே விளிம்பு வைத்த தட்டில் வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் இருப்பவர்கள் ஆடிக் காற்று அடிக்கும்போது ஜன்னலையும் சாத்தத்தான் வேண்டும். வாட்சைத் திறந்து வைத்திருக்கும்போது ஒரு மணல் துகள் உள்ளே போனாலே ஓட்டம் கெட்டுவிடும்.

கருவிகளில் அதிகம் பாழாவது ஸ்க்ரூவின் தலை. ஒரே திருப்புளியால் எல்லாவற்றையும் திறக்கப் பார்ப்பதுதான் காரணம். பட்டை நுனி என்றால் அதன் அகலம் ஸ்க்ரூவின் வெட்டு அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் வெட்டின் ஓரம் பிய்யும், பெரிதாக இருந்தால் சுற்றியுள்ள உலோகத்தைக் கீறும். பிளஸ் தலை எல்லாம் ஒரே வடிவம் இல்லை. ஜப்பான் கேமராக்களில் இருப்பது பார்வைக்கு சாதாரண பிளஸ் போல இருந்தாலும் வெட்டு வேறு, சாதாரண பிளஸ் திருப்புளி அதில் முழுதாக இறங்காது. அந்த ஸ்க்ரூக்கள் சிலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுவே அடையாளம். ஐபோனின் அடியில் இருப்பது ஐந்து இதழ் வடிவம், அதற்கென்று தனி நுனி வேண்டும். எதுவானாலும் நேராக வைத்து, நன்றாக அழுத்திக்கொண்டு, மெதுவாகத் திருக வேண்டும். அழுத்தம் குறைந்தால்தான் வழுக்கும்.

திரும்ப மாட்டும்போது நடக்கும் தவறு இன்னும் மோசமானது. ஸ்க்ரூவை வைத்ததும் வலப்பக்கம் திருகிவிடுகிறோம். மரை சரியாகச் சேராமல் குறுக்கே ஏறினால் இரண்டு பக்கமும் தேய்ந்துவிடும். முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் 'டக்' என்று லேசாக இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் தானாக ஏறும். தோட்டின் திருகாணிக்கும் இதே முறைதான். ஒரு ஆசாரி செய்த திருகாணி இன்னொருவர் செய்த தோட்டுக்குச் சேரும் என்று எண்ணி முறுக்கவும் வேண்டாம். தங்கம் மெத்தென்ற உலோகம், ஒரு முறுக்கில் மரை போய்விடும். பின்பக்கம் மூடி அரக்கு வைத்துக் கட்டிய பழைய கல்தோடாக இருந்தால் வெந்நீரில் போட்டு அழுக்கு எடுக்காதீர்கள். அரக்கு இளகிக் கல் ஆட ஆரம்பிக்கும்.

செல்போனைத் திறந்தால் ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் கொட்டி வைக்காதீர்கள். நீளம் ஒன்றுக்கொன்று மி.மீ.யில் பின்ன அளவுதான் மாறும், ஆனால் நீளமானது மாறிப்போய் வேறு குழியில் ஏறினால் கீழே உள்ள போர்டின் அடுக்கையே துளைத்துவிடும். ஒரு தாளில் போனின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதும் நல்லது.

சாமணம் என்றால் புருவம் பிடுங்குவது அல்ல. இரண்டு நுனியும் முனையிலேயே சேர வேண்டும், காந்தம் பிடிக்கக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் ஸ்க்ரூ தெறித்துப் போய்விடும். வாட்ச் வாரின் ஸ்பிரிங் பின்னைக் கழற்றும்போது வாட்சையும் கையையும் ஒரு தெளிவான பாலிதீன் பைக்குள் வைத்துச் செய்தால் தெறித்தாலும் பைக்குள்தான் கிடக்கும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. பெங்களூருவில் 1961-ல் சிட்டிசன் கூட்டோடு தொடங்கிய எச்எம்டியின் சாவி வாட்சுகள் நம் பக்கம் இன்னும் பல வீட்டு பீரோக்களில் இருக்கின்றன. நின்றுவிட்டால் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், நாள்பட்டால் பிசினாகி ஒட்டும். தையல் மிஷினுக்கும் அது கூடாது, அதற்கென்ற எண்ணெய் மலிவாகவே கிடைக்கிறது. சாவி வாட்சின் உள்ளே முடி போல இருக்கும் சுருள் ஸ்பிரிங்கைச் சாமணத்தால் தொடவே கூடாது, அது அனுபவக்காரர் வேலை.

உடனடிப் பசையும் அப்படித்தான். அதன் ஆவி லென்ஸிலும் டயலிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். கண்ணாடி ஸ்க்ரூ அடிக்கடி கழன்றால், உலோக பிரேமாக இருந்தால் மட்டும், மரையில் நிறமில்லாத நெயில் பாலிஷ் துளி வையுங்கள். பிளாஸ்டிக் பிரேமை அதில் உள்ள கரைப்பான் தின்றுவிடும்.

வாட்ச் பேட்டரியில் எஸ்ஆர் 626 என்று இருந்த இடத்தில் எல்ஆர் 626 போடாதீர்கள். அளவு ஒன்றுதான், ஆனால் எஸ்ஆர் வெள்ளி ஆக்சைடு, 1.55 வோல்ட்டில் கடைசி வரை நிலையாக நிற்கும். எல்ஆர் அல்கலைன், அழுத்தம் படிப்படியாக இறங்கும், கசிந்து உள்ளே அரித்துவிடும் வாய்ப்பும் அதிகம். உலோகச் சாமணத்தால் குறுக்கே பிடித்தால் இரண்டு முனையும் இணைந்து பேட்டரி வீணாகும், பிளாஸ்டிக் சாமணம் வைத்துக்கொள்ளுங்கள். உப்பிப்போன செல்போன் பேட்டரியை நெம்பவே வேண்டாம், அப்படியே கடையில் கொடுத்துவிடுங்கள்.

எடுத்த பழைய பட்டன் பேட்டரியை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே குழாய் வெந்துவிடலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், தானாக வந்துவிடும் என்று காத்திருக்காமல், உடனே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ எக்ஸ்ரே வசதி உள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ தூக்கிக்கொண்டு போங்கள். அதே எண் போட்ட பேட்டரியின் அட்டை வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.