கெப்பைத் தரையோடு படுக்க வைக்க எந்த பாடி ட்ரொப் நல்லது? மலையக ரோட்டில் ஓட்டுபவர்களுக்கு

ஸ்பிரிங்குக்குப் பதிலாக எயார் பேக் (சஸ்பென்ஷன் காற்றுப் பை) போட்ட கெப்பில், அதாவது பிக்கப்பில், காற்றை முழுக்க இறக்கினாலும் கதவுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்பு தரையைத் தொடாது. வண்டியின் அடிச்சட்டமான செசி அதைவிடத் தாழ்வாக இருப்பதால் முதலில் அதுதான் தரையில் உட்காரும். அந்த மிச்ச இடைவெளியை இல்லாமல் ஆக்குவதுதான் பாடி ட்ரொப். சஸ்பென்ஷனை இறக்குவது வேறு வேலை, இரண்டையும் ஒன்றாகப் பேசிக்கொண்டு கராஜுக்குப் போகாதீர்கள், ஏனென்றால் சஸ்பென்ஷனை இறக்கியதைப் பிறகு திருப்பிவிடலாம், பாடி ட்ரொப்பைத் திருப்ப முடியாது.

முதலில் அளவு எடுங்கள். வண்டியை மட்டமான சிமெந்துத் தரையில் நிறுத்தி, பாடி விளிம்பின் அடியில் நேரான பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) ஒன்றைப் பிடித்து, அதிலிருந்து செசியின் அடிவரை எத்தனை அங்குலம் என்று முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். இறக்க வேண்டியது அவ்வளவுதான், பெரும்பாலும் 2 முதல் 4 அங்குலத்துக்குள் வரும். கியர்பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் சைலென்சர் குழாயும் செசியைவிடக் கீழே தொங்கினால் அவற்றை முதலில் மேலே ஏற்ற வேண்டும், இல்லையென்றால் எத்தனை அங்குலம் வெட்டியும் வண்டி தரையில் படுக்காது. டயரையும் கணக்கில் எடுங்கள்: 205/40 ஆர்17 டயரின் மொத்த உயரம் கிட்டத்தட்ட 596 மில்லிமீற்றர். பாடி 3 அங்குலம் இறங்கினால் அந்த டயர் மட்காட்டுக்குள் இன்னும் 3 அங்குலம் ஏறும்.

பாடி ட்ரொப்புக்கு முக்கியமாக இரண்டு முறை உண்டு. பழைய முறையில் செசியைத் தொடுவதில்லை. கேபினின் தளத்தை விளிம்போரம் வெட்டி எடுத்து, கேபினைக் கீழே இறக்கி, அதே தளத்தை மேலே தூக்கி வெல்ட் பண்ணுவார்கள். செசியின் பலம் அப்படியே இருக்கும், செசி இலக்கமும் கைபடாமல் இருக்கும். ஆனால் உள்ளே இடம் குறையும், சீட்டைத் தாழ்த்தாவிட்டால் உயரமானவர் தலை கூரையில் முட்டும், பெடலுக்கும் தளத்துக்கும் நடுவில் கால் வைக்கும் இடமும் சுருங்கும். வெட்டுவதற்கு முன் கதவுத் தூண்களுக்கு நடுவில் குறுக்குக் கம்பிகளை வெல்ட் பண்ணியே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டால் கேபின் கோணி, அப்புறம் கதவு பூட்டாது.

இரண்டாவது முறையில் தளம் அப்படியே இருக்கும், கேபினுக்கு அடியில் உள்ள செசிச் சட்டத்தை எடுத்துவிட்டு மெல்லிய பொக்ஸ் பாரில் புதுச் சட்டம் கட்டுவார்கள். உட்கார வசதி குறையாது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் சட்டத்தின் உயரம் பாதியானால் வளையாமல் தாங்கும் விறைப்பு பாதியோடு நிற்காது, தகரத் தடிப்பு அதேயாக இருந்தால் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போகும். அதனால் தடிப்பான பார் வேண்டும், இணைப்புகளில் மேலே பட்டைத் தகடு வேண்டும், செசியை அசையாமல் பிடிக்கும் ஜிக் வேண்டும். ஜிக் இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், மெக்கானிக் பாஸ் எவ்வளவு கைகாரராக இருந்தாலும் சரி.

பாடிக்கும் செசிக்கும் நடுவில் உள்ள பாடி ரப்பர்களைக் குறைத்து ஓர் அங்குலம் இறக்குவதும் உண்டு. செலவு குறைவு, அதற்கேற்ற பலன்தான் கிடைக்கும்.

எந்த முறையானாலும் எஞ்சினும் கியர்பொக்ஸும் செசியோடு நிற்கும், பாடி மட்டும் இறங்கும். ஆகவே பொனட்டில் எயார் கிளீனர் இடிக்கும், கியர்பொக்ஸ் மேடையை உயர்த்த வேண்டும், ஸ்டியரிங் தண்டின் கோணம் மாறும், பின்பெட்டித் தளமும் மேலே ஏறும். பணம் கேட்கும் இடங்கள் இவைதான். வெட்டுக்கு மட்டும் விலை பேசிவிட்டு வந்தால் வண்டி பாதியில் நிற்கும்.

என் முடிவு இது: நுவரெலியா, ஹட்டன், பதுளை பக்கம் தினமும் ஓட்டும் கெப்புக்குப் பழைய முறைதான். எங்கள் தோட்ட ரோட்டில் ஒரு சில்லு குழிக்குள் இறங்கும்போது மற்றது மேட்டில் ஏறும், செசி ஓயாமல் முறுக்கப்படும், அதில் மெல்லிய சட்டத்தை நம்பி மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு ரம்பொடை வளைவுகளில் இறங்க எனக்கு மனம் வராது. ஏப்ரல் சீசனில் கிரகறி வாவிப் பக்கம் நிறுத்திக் காட்டுவதற்கு மட்டும் கட்டும் வண்டி என்றால் இரண்டாவது முறையைத் தாராளமாக யோசியுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பாடி ட்ரொப் செசியின் உயரத்தைக் குறைக்காது, ஆனால் பாடி விளிம்பு அதே மட்டத்துக்கு வந்துவிடும். மதகிலும் கொண்டை ஊசி வளைவிலும் முதலில் அடிபடுவது அதுதான், எனவே ஓடும்போது போதிய உயரத்துக்குத் தூக்கக்கூடிய எயார் பேக் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வெட்டுவதற்கு முன் செசி இலக்கம் எங்கே குத்தியிருக்கிறது என்று தேடுங்கள். அந்தத் துண்டு வெட்டுப்பட்டால் வண்டியின் பதிவே சிக்கலாகிவிடும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி பெரும்பாலும் 2025 வரை திறக்கவில்லை, அதில் பழைய கெப்பின் விலை ஏறியது, கெட்டுப்போனால் இன்னொரு கேபின் லேசில் கிடைக்காது.

மழையும் பனியும் உள்ள ஊர் என்பதால் புது வெல்டிங் ஓரங்களுக்கு சீலர் பூசி, மூடிய பெட்டிப் பகுதிகளின் உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடியுங்கள். எயார் பேக்குக்குக் காற்று சேமிக்கும் தாங்கியில் தேங்கும் தண்ணீரையும் அடிக்கடி திறந்து விடுங்கள். பிரேக் குழாய் எங்கேயும் உரசவில்லை என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, காற்றை ஏற்றி இறக்கிப் பாருங்கள். முதல் சில நூறு கிலோமீற்றர் பாரம் ஏற்றாமல் ஓடிவிட்டு, வண்டியைத் தூக்கி ஒவ்வொரு வெல்டிங்கிலும் வெடிப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்து, பாடி போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.