மேகத்தடி வரை ஏற்றி, பத்திரமாக இறக்க

கேமரா பொருத்திய சின்ன ரிமோட் விமானத்தை, அது அனுப்பும் படத்தை வீடியோ கண்ணாடியில் பார்த்தபடியே மேகத்தின் அடி வரை ஓட்டுவது பற்றித்தான் பேசப்போகிறேன். மேகம் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதைத் தரையில் இருந்தே கணக்குப் போட்டுவிடலாம். வானிலை ஆப்பில் வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, ட்யூ பாயிண்ட்) பாருங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிப்பகுதி கிடைக்கும். வெப்பநிலை 30 டிகிரி, பனிநிலை 24 டிகிரி என்றால் சுமார் 750 மீட்டர். வெயிலில் தரை சூடாகி எழும்புகிற பஞ்சுப்பொதி மேகத்துக்குத்தான் இது பொருந்தும். வானம் முழுக்க மூடிக்கிடக்கிற நாளில் இந்தக் கணக்கு உதவாது.

சட்டத்தையும் இப்போதே பேசிவிடுவோம். பல நாடுகளில் அனுமதி இல்லாமல் 120 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது. வீடியோ கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டுபவர் பக்கத்தில், வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நிற்கவும் வேண்டும். அதனால் உயரத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் மேகமே கீழே இறங்கி வருகிற நாளுக்குக் காத்திருங்கள். அனுமதி இருந்தாலும் நான் மேகத்துக்குள் நுழைவதில்லை. சிறிய விமானங்களும் ஹெலிகாப்டர்களும் மேகத்துக்குச் சற்றுக் கீழேதான் போகும். அங்கே நம் விமானம் திடீரென வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்தால் அவர்களுக்கு ஒதுங்க நேரம் கிடையாது.

பேட்டரி பற்றிப் புதியவர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ஒரு கிலோ விமானத்தை 1000 மீட்டர் தூக்க 2.7 வாட்-மணி போதும். மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் பாதிக்கு மேல் வீணாக்கினாலும் ஆறேழு வாட்-மணிதான். 3000 மில்லியாம்பியர்-மணி திறனுள்ள 18650 வகை லித்தியம் அயான் செல் நான்கை வரிசையாக இணைத்தால் 43 வாட்-மணி இருக்கிறது. ஆக, ஏறுவது மலிவு. காசைக் கரைப்பது காற்று.

ஒரு நாள் 700 மீட்டரில் மேகத்தின் ஓரத்தைச் சுற்றிப் படம் எடுத்த மயக்கத்தில், காற்று போகிற பக்கமே 1.8 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டேன். திருப்பினால், திரையில் தரை வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. என் விமானத்தின் இயல்பான வேகம் 60. அப்படியென்றால் எதிர்க்காற்று 53. அந்த வேகத்தில் வீடு சேரக் கால் மணி நேரம் ஆகும், பேட்டரியிலோ ஆறு நிமிடம்தான் மிச்சம். மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளத்தான் கை போனது. தள்ளியிருந்தால் அந்த ஆறு நிமிடமும் மூன்றாகியிருக்கும். மூக்கைச் சற்றே கீழே சாய்த்து உயரத்தை விட்டுக்கொடுத்தேன். 500-இல் வேகம் 15 ஆனது, 200-இல் 30. கீழே காற்று குறைவு, அவ்வளவுதான். இறங்கும்போது உள்ளங்கை முழுக்க வியர்வை. அன்றிலிருந்து முதலில் எதிர்க்காற்றில் போய், அந்தப் பக்கத்திலேயே வட்டமிட்டு ஏறுகிறேன். வழியில் ஏதாவது கெட்டால் காற்றே என்னிடம் கொண்டுவந்து சேர்க்கும்.

ஏறும்போது நேராகத் தலைக்கு மேல் போகாதீர்கள். குச்சி ஆண்டெனாவின் அலை, காற்றடைத்த டியூபை அதில் மாட்டியது போலப் பக்கவாட்டில்தான் பரவும். குச்சி நிமிர்ந்து நின்றால் அதன் நுனிக்கு நேர் மேலே சிக்னல் சொற்பம். விமானம் அங்கே வரும்போது 5.8 கிகாஹெர்ட்ஸ் வீடியோ கோடுகோடாக உடையும். உயரத்துக்குச் சமமான தூரத்தையாவது பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் போனால் தானாக வீடு திரும்பும் வசதியை, 100 மீட்டர் தூரத்தில் ரிமோட்டை வேண்டுமென்றே அணைத்துச் சோதியுங்கள். எந்த உயரத்தில் திரும்பும் என்ற அமைப்பையும் திறந்து பாருங்கள். இருக்கிற உயரத்திலேயே திரும்பு என்று இருந்தால், மேலே சொன்ன எதிர்க்காற்றில் அது நின்ற இடத்திலேயே நீந்திக்கொண்டிருக்கும்.

அப்புறம் கேமரா. வெயில் பட்ட மேகம் வெளுத்துப் போகும். வெளிச்ச அளவை ஒரு படி குறைத்துப் பூட்டிவிடுங்கள்.

இறங்குவதில்தான் உண்மையான வேலை. வளர்ந்துகொண்டிருக்கும் மேகத்தின் கரிய அடிவயிற்றுக்குக் கீழே காற்று மேல்நோக்கி எழும்பும். மோட்டாரை அணைத்த பிறகும் உயர எண் 710, 718, 725 என்று ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த இடத்தில் மூக்கைக் கவிழ்த்துப் பாய வேண்டாம். வேகம் கூடினால் தெர்மோகோல் இறக்கை படபடத்து ஒடியும். பக்கத்தில் நீல வானம் தெரிகிற இடைவெளிக்கு நகருங்கள், அங்கே காற்று கீழிறங்கும். பிறகு அகலமான வட்டங்களில், வினாடிக்கு 3 மீட்டர் என்ற கணக்கில் இறக்கலாம். 750 மீட்டருக்கு நாலு நிமிடம் சொச்சம் ஆகும். அதற்கான பேட்டரியை ஏறும் முன்பே ஒதுக்கிவையுங்கள்.

கடைசி 200 மீட்டரில் படம் மங்கலாம். மேலே ஏழெட்டு டிகிரி குளிர்ந்துபோன விமானம் கீழே உள்ள ஈரக்காற்றுக்கு வரும்போது லென்ஸில் பனி படியும். ஏசி அறையிலிருந்து வெளியே வரும் மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்கு இது பழக்கம். அவசரப்பட வேண்டாம், 100 மீட்டரில் இரண்டு மூன்று சுற்றுப் போட்டால் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் வீடியோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேரில் பார்த்து இறக்குங்கள்.

கையில் எடுத்ததும் இறக்கையைத் தடவிப் பாருங்கள், சில நாள் சில்லென்று ஈரமாக இருக்கும். மூடியைத் திறந்து மின்பலகைகளை உலரவிடுங்கள். பேட்டரியையும் உடனே சார்ஜில் போடாமல், கை வைத்தால் வெளிக்காற்றின் சூடே இருக்கிறது என்று ஆகும்வரை விட்டுவையுங்கள்.