மொபைல் கிரேனில் முதல் லோடு தூக்கும் முன்

"வண்டியில 50 டன்னுன்னு எழுதியிருக்கே, 10 டன் பீமைத் தூக்காதா?" புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தூக்காமலும் போகலாம். அந்த 50 டன் என்பது பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, குறுக்கி, லோடை வண்டியை ஒட்டி வைத்துத் தூக்கும்போது மட்டும். லோடு வெளியே போகப் போக அது மளமளவென்று இறங்கிவிடும்.

அதனால் முதலில் லோடு சார்ட், அதாவது எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று சொல்லும் அட்டவணை. கிரேன் சுழலும் மையத்திலிருந்து ஹூக் வரை தரையோடு உள்ள தூரம்தான் ரேடியஸ். கண் மதிப்பு வேண்டாம், டேப் பிடித்து அளந்து பாருங்கள். எடுக்கும் இடம், இறக்கும் இடம் இரண்டில் எது தூரமோ அதற்குச் சார்ட்டில் உள்ள எடையைப் பாருங்கள், அதிலிருந்து ஹூக் பிளாக் (கப்பியோடு சேர்ந்த கொக்கி), ஸ்லிங் (லோடைக் கட்டும் கயிறு அல்லது பெல்ட்), ஷாக்கிள் (ஸ்லிங்கை மாட்டும் இரும்பு வளையம்) எடையையும் கழியுங்கள்.

அடுத்து தரை. அவுட்ரிகர், அதாவது வண்டியின் பக்கவாட்டில் நீளும் தாங்கு கால்கள், நான்கையும் முழுசாக நீட்டி, அடியில் கனமான பலகை போட்டு, வண்டியை லெவல் செய்யுங்கள். பூம் ஒரு மூலைக்கு மேல் திரும்பும்போது எடையில் பெரும்பங்கு அந்த ஒற்றைக் காலில்தான் இறங்கும், அதன் கீழே நேற்று மூடிய பள்ளம் இருந்தால் கதை முடிந்தது. அப்படியே அண்ணாந்தும் பாருங்கள். மின்கம்பியை பூம் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும்.

ஸ்லிங் கட்டும்போது பலர் கோட்டை விடுவது கோணத்தில். 1 டன் லோடை இரண்டு ஸ்லிங்கில் மாட்டினால் ஆளுக்கு அரை டன் என்று நினைப்போம், ஆனால் அது இரண்டும் செங்குத்தாக நிற்கும்போதுதான். படுக்கைமட்டத்திலிருந்து 60 டிகிரி என்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 580 கிலோ, 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழு 1 டன்! கோணம் சின்னதாகிறது என்றால் நீளமான ஸ்லிங் மாற்றுங்கள்.

சரி, இப்போது தூக்கலாம். ஒரு சாண் உயர்த்தி நிறுத்துங்கள். லோடு சாய்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, அவுட்ரிகர் புதைகிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே. சிக்னல் ஒரே ஆள்தான் தர வேண்டும், ஆனால் 'நிறுத்து' என்று யார் கைகாட்டினாலும் நிறுத்த வேண்டும், வேலைக்குச் சேர்ந்து ஒரு நாள் ஆன பையனாக இருந்தாலும் சரி. லோடைக் கையால் பிடித்துத் திருப்பாதீர்கள், அதற்குத்தான் வழிகாட்டிக் கயிறு. அடியில் யாரும் நிற்கக் கூடாது.

இறக்கும்போது கீழே கட்டை கொடுத்து வையுங்கள், ஸ்லிங்கை உருவ இடம் கிடைக்கும். அவசரத்தில் ஹூக்காலேயே இழுத்து உருவுவார்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் அப்போதுதான் வைத்த லோடு புரண்டுவிடும், கையால் கழற்றுங்கள்.